உன் மாமாவின் கட்டைவிரலைப் பற்றி ஒரு திருத்தம்

என் மகனுக்கு,

லண்டனுக்குக் கப்பல் பிடிக்க நீ பம்பாய்க்கு ரயிலேறிய மறுநாள் உன் அம்மா உன் அறையைப் பெருக்கினாள். மேசைக்கு அடியில் கிடந்த நான்கு தட்டச்சுத் தாள்களை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இரண்டாம் தாளில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் ஒரு வலது கை இருந்தது. மோதிரத்தைப் பார்த்ததும் அது யாருடைய கை என்று தெரிந்துகொண்டாள். தன் அண்ணனைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று படித்துச் சொல்லச் சொன்னாள். லண்டனில் ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்காக நீ எடுத்துப்போன கட்டுரையின் நகல் அது. குடலில் தோன்றிய புற்றுநோய் கட்டைவிரல் எலும்பில் போய் முளைத்ததைப் பற்றியது. நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் அந்த வரிக்காகத்தான்.

“கட்டைவிரல் வீங்குவதற்கு முன் நோயாளிக்கு வயிற்றிலோ மலத்திலோ எந்தக் கோளாறும் இருந்ததில்லை” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி தவறு. அது தவறு என்று நேற்றுவரை அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உன் கட்டுரையின் நோயாளி. அவர் கடைசிப் பத்தியில் இறந்துவிடுகிறார். இன்னொருவர் நான்.

இதை விளக்க முதலில் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் மாமாவின்மேல் எனக்குப் பொறாமை. கல்யாணத்தன்று தொடங்கி அவர் கண்ணை மூடும்வரை அதில் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. கல்யாணத்துக்கு அவர் வெள்ளானூரிலிருந்து ஒரு ஜோடிக் காளைகளைப் பூட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்து உறவினர்கள் பாதிப்பேர் மாப்பிள்ளையைப் பார்க்காமல் காளைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். முகூர்த்த நேரத்தில் பந்தலில் இருந்தவர்களில் வயசானவர்களும் கால் நோவுக்காரர்களுமே அதிகம். மாட்டின் வாய்க்குள் வலது கட்டைவிரலை நுழைத்துப் பல்லைத் தடவியே வயசு சொல்வார் உன் மாமா. வானகரத்திலிருந்தும் கொரட்டூரிலிருந்தும் மாடு வாங்குகிறவர்கள் அவரை வண்டி வைத்து அழைத்துப் போவார்கள். நான் மூன்று பரீட்சை எழுதித் தேறிய கம்பவுண்டர். என்னை யாரும் வண்டி வைத்து அழைத்ததில்லை.

உனக்கு ஆறு வயசில் விஷ ஜுரம் வந்தது. பதினோரு நாள் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். பன்னிரண்டாம் நாள் உன் மாமா வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்தார். அன்று ஜுரம் இறங்கியது. அந்த ஜுரம் பன்னிரண்டாம் நாள் இறங்கக்கூடியது என்று நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். உன் அம்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. “எங்கண்ணன் கை பட்டுதில்ல” என்றாள். பிற்பாடு நீ டாக்டருக்குப் படிக்கப் போனபோது, மருமகனுக்குக் கைராசி தன்னிடமிருந்து வந்ததாக அவர் ஊரில் சொல்லிக்கொண்டார். ஊரும் ஒப்புக்கொண்டது. இருபது வருஷமாக மருந்துக்கடையில் குப்பி கழுவுகிற ஒருவன் அந்தப் பையனுக்குத் தகப்பனாக இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆவடி மருந்துக்கடை எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியும். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் பட்டணத்திலிருந்து ரயிலில் வருவார். அந்த இரண்டு நாளும் ஜனங்கள் என்னைக் கம்பவுண்டரே என்பார்கள். மற்ற நாள்களில் டாக்டரே என்பார்கள். நான் இரண்டாவதைத் திருத்தியதில்லை. உன் மாமா அங்கே ஒருமுறைகூட வந்தது கிடையாது. அவருக்கு உடம்பு கெடுவதில்லை என்பதும் என் மனக்குறைகளில் ஒன்று.

அப்படிப்பட்டவர் ஓர் ஆடி மாதம், புதன்கிழமை பார்த்து வந்தார். ராணுவ லாரிகளுக்கு ஒதுங்கி வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ளே, வெளிய போறப்போ ரத்தம் போவுது. ரெண்டு மாசமா கீது. தங்கச்சிக்குத் தெரிய வாணாம்.”

அந்த நிமிஷம் எனக்கு உண்டானது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு என்னிடம் ஒன்று தேவைப்பட்டது. அதையும் என்னிடம் மட்டும் சொல்கிறார். நம் பக்கத்தில் அந்த இடத்திலிருந்து ரத்தம் வந்தால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு: மூலச்சூடு. அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை. எவ்வளவு ரத்தம், என்ன நிறம், மலம் மெலிந்து போகிறதா, பசி எப்படி என்றெல்லாம் கேட்க வேண்டும் என்று டாக்டர் படித்துவிட்டுப் போடும் பழைய பத்திரிகைகளில் நானே வாசித்திருக்கிறேன். வாசித்தது வேறு, மைத்துனரின் முகத்தைப் பார்த்து மலத்தின் நிறத்தைக் கேட்பது வேறு. மாட்டின் சாணத்தைப் பற்றியென்றால் அவர் அரைமணி நேரம் பேசியிருப்பார். நான் கருணைக்கிழங்கு மசியலும் துத்திக்கீரையும் நீர்மோரும் சொன்னேன். காரத்தை விடச் சொன்னேன். ஒரு சூரணமும் மடித்துக் கொடுத்தேன். அவர் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். டவுனில் மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்றார்.

நான் செய்த தவறு எது என்று பின்னால் யாராவது உன்னைக் கேட்டால் நீ சூரணத்தைச் சொல்லாதே. சூரணம் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். என் தவறு அடுத்து நான் சொன்ன பதில். “அவனுக்குப் பரீட்சை. இதுக்கெல்லாம் அவன் எதுக்கு? நான் இல்லையா?” என்றேன்.

“நீ கீறே. அதுக்குத்தானே வந்தேன்” என்றார்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவர் மாதம் ஒரு புதன்கிழமை வருவார். ரத்தம் சில வாரம் நிற்கும், நின்றது சூரணத்தால். சில வாரம் போகும். போனது அவர் வாயைக் கட்டாததால். நோய் எப்படிப் போனாலும் என் வைத்தியம் மட்டும் தவறாது. புரட்டாசிக்குள் அவர் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. வீட்டில் உன் அம்மா அண்ணன் இளைத்துப்போனதைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம், காரணம் அறிந்த ஒரே ஆள் என்ற கம்பீரத்தோடு நான் பேசாமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். செவ்வாய், வெள்ளிகளில் டாக்டர் எனக்கு நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவ தர்மம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த தர்மத்தை நான் வேறு எந்த நோயாளிக்கும் அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்ததில்லை என்பது ஆவடிக்கே தெரியும்.

மார்கழியில் கட்டைவிரல் வந்தது. நகத்தைச் சுற்றிச் சிவந்து, நுனி உருண்டு, விண்விண்ணென்று தெறித்தது. அதற்கு முந்தின வாரம்தான் சந்தையில் ஒரு காளையின் வாயில் விரலை விட்டிருந்தார். மாட்டுப்பல் விஷம் என்று வெள்ளானூர் முடிவுகட்டியது. நான் படித்தவன் என்பதால் அதை மறுத்து, நகச்சுற்று என்று முடிவுகட்டினேன். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகச் சொன்னேன். பொங்கலுக்கு நீ பரீட்சை எழுதி முடித்துவிட்டு வந்திருந்தாய். மாட்டுக்கு மாலை, மாமாவுக்கு எலுமிச்சம்பழமா என்று நீ கேலி செய்தாய். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். டாக்டராகப் போகிறவன் அந்தப் பழத்தைக் கழற்றிப் பார்க்காமல் சிரித்தேனே என்று பின்னாளில் நீ உன் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் பக்கத்து அறையில் கேட்டேன். ஒரு வாக்கியத்தில் உன் பாரத்தை இறக்கி வைத்திருக்க முடியும். நான் பத்திரிகையைத் திருப்பினேன்.

அந்தப் பொங்கலன்று பரீட்சை என்ற காரணமும் என்னிடம் தீர்ந்துபோயிருந்தது. நீ எதிரிலேயே இருந்தாய். சொல்லவில்லை. தை மாதத்தில் இரண்டு தடவை அந்த விரலைக் கீறிவிட்டேன். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. சீழ் வராத நகச்சுற்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்காதது எதுவும் உலகத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வது அந்நாளில் என் வழக்கமாக இருந்தது.

மாசியில் நீ வந்து கட்டைப் பிரித்தாய். கேலி செய்யவில்லை. மறுநாள் காலை வண்டியில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். எக்ஸ்ரேயில் கட்டைவிரலின் நுனி எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. கரையான் அரித்த மாதிரி ஓரம் மட்டும் நின்றது. விரலை எடுத்தார்கள். எடுத்த விரலிலிருந்து சீவிய சில்லை நீ மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இவை விரலில் இருக்க வேண்டிய உயிரணுக்களே இல்லை, குடலின் உள்பக்கத்துச் சுரப்பி மாதிரி இருக்கின்றன என்று உன் பேராசிரியரிடம் சொன்னாய். அவர் சரி என்றார். அதன் பிறகு கையுறை போட்டு ஆசனவாய் வழியாகச் சோதித்தார்கள். கட்டி அங்கேயே இருந்தது. ஒரு விரல் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆடி மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் டாக்டர் ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் அவர் விரலுக்கும் எட்டியிருக்கும்.

இந்த நோய் சாதாரணமாகக் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும், அடுத்தபடி நுரையீரலுக்குப் போகும், எலும்புக்குப் போவதே குறைவு, கை விரலுக்குப் போவது அபூர்வத்திலும் அபூர்வம் என்று நீ எனக்கு விளக்கினாய். தலைத்தோலிலும் ஈறிலும் தொடைத்தசையிலும் கண்ணுக்குள்ளும் கூட அது போய் உட்கார்ந்த கதைகள் உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றாய். நான் ஆச்சரியப்படவில்லை. எல்லோருடைய நோயும் போகிற இடத்துக்கு உன் மாமாவின் நோய் போகுமா? மற்றவர்கள் ஈரல் வீங்கிச் சாவார்கள், யாரும் பார்க்க வர மாட்டார்கள். அவருக்கோ மாணவர்கள் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். விரல் இருந்த இடத்தையும் விரலின் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பேராசிரியர் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தூக்குச்சட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “பாத்தியா மாப்ளே, நம்ம வெரலுக்கு எம்மாம் ஜனம். தேர் மாதிரி கீது” என்றார். வலி தெரியாமல் இருக்கத்தான் பேசினார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சாகப்போகிற ஒரு மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன் என்பது மட்டும். அந்த விரலுக்கு நாற்பது நாள் கட்டுப்போட்டவன் நான். அதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

கேட்டார்கள். ஆனால் அவரைத்தான் கேட்டார்கள். பேராசிரியர் இங்கிலீஷில் கேட்க, நீ தமிழில் சொல்லி, பதிலை எழுதிக்கொண்டிருந்தாய். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். இதற்குமுன் மலத்தில் ரத்தம் போனதுண்டா என்று நீ கேட்டாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இல்லப்பா. வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துது” என்றார். நீ குனிந்து எழுதினாய். உன் கட்டுரையின் அந்த வரி அங்கே பிறந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். உன் முன்னால், உன் பேராசிரியரின் முன்னால், எட்டு மாதம் சூரணம் கொடுத்த கம்பவுண்டர் நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் என்னை அதிலிருந்து காப்பாற்றினார். நன்றி தோன்றவில்லை. பெருந்தன்மையிலும் அவர் எனக்குமுன் போய் நின்றுகொண்டாரே என்றுதான் தோன்றியது.

அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். இந்த ஒன்றுக்கு மட்டும் இருக்கிறது. அங்கே நீ பார்க்கப்போகும் நோயாளி எந்த தேசத்தவராக இருந்தாலும், ‘இல்லை’ என்று சொல்லும்போது அவர் யாரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று கவனி. கட்டில் பக்கத்தில் நிற்கிற உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேள். முக்கியமாக, அக்கறையுள்ள முகத்தோடு தூக்குச்சட்டி வைத்திருப்பவனை முதலில் அனுப்பு.

அந்த வரியைத் திருத்தினால் உன் கட்டுரை சிறுத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். முன் அறிகுறியே இல்லாமல் நோய் கட்டைவிரலில் தலைகாட்டியது என்பதுதான் அதன் சிறப்பு. திருத்திய பின், எட்டு மாதம் ரத்தம் போனதை ஒருவன் மூடி வைத்திருந்தான், கடைசியில் கட்டைவிரல் காட்டிக்கொடுத்தது என்று ஆகிவிடும். மகன் பேர் வாங்குவது பொறுக்காமல் இதை எழுதுகிறேனோ என்ற சந்தேகம் உனக்கு வருமுன்னே எனக்கு வந்துவிட்டது. அதற்காக மூன்று நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். உன்மேல் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன். செவ்வாய், வெள்ளியிலும்கூட டாக்டராக இருக்கிறவன் மேல் ஒரு கம்பவுண்டருக்கு இருக்க வேண்டிய அளவு உண்டு. ஆனால் உன் வரியை நம்பி எங்கேயோ ஒரு டாக்டர், விரல் வீங்கியவரிடம் குடலைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடலாம். அப்படிச் சாகிறவர் என் கணக்கில் இரண்டாவது ஆளாகிவிடுவார். ஆடியிலேயே தெரிந்திருந்தால் உன் மாமா பிழைத்திருப்பாரா என்று நீ அலமாரியில் விட்டுப்போன புத்தகத்தில் தேடினேன். சீக்கிரம் அறுத்தெடுத்தால் சிலர் பிழைக்கிறார்கள் என்கிறது. அந்த ‘சிலர்’ என்ற சொல்லை நான் ஒரு நாளைக்குப் பல தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். முழுவதும் கேட்டாள். திட்டவில்லை. “நான் தமிழ்ல எழுதறதுக்குள்ள நீங்களே அவனுக்கு எழுதிடுங்க” என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. சோறு போடுகிறாள். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். அச்சில் போடுவதானாலும் எனக்குத் தடையில்லை. மூலச்சூடு என்று புதன்கிழமையில் ரகசியமாக வருகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இப்போது நான் அவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறேன். டாக்டர் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளானூருக்குத் திரும்பி வந்த பிறகு, ஒருநாள் உன் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தம் போன விஷயத்தை மருமகனிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றார். தான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார். சரி என்றேன். ஆவணியில் போய்ப் பார்த்தபோது அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. நான்கு நாள் கழித்து இறந்துபோனார். அன்று அவர் கேட்டது ஒன்றுதான்.

“மாப்ளே, பையங்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்னான்?”

“பரவால்ல நைனான்னான்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தேன்.

“பின்னே, உம் புள்ளையாச்சே” என்றார்.

உன்னை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவரை நீ அவருடைய மருமகனாகவே இருந்தாய். வேண்டும் வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகக் காத்திருந்ததை, நீ சொல்லாத ஒரு சொல்லைக் கொடுத்து அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். நீ உண்மையில் என்ன சொல்வாய் என்று தெரியாததால்தான் அன்றைக்கு உன் பதிலை நானே சொன்னேன். இன்றைக்கும் தெரியாது. கட்டுரையைத் திருத்திவிட்டு எனக்கு எழுது. எதை எழுதினாலும் நீயே எழுது.

உன் நைனா